மேடையில் பிள்ளைகள், கீழே பெற்றோர்

நேயர்களுக்கு வணக்கம்.

நிதி திரட்டும் கலை விழாவில் உங்கள் பிள்ளை சேர்ந்திசை பாடப்போகிறது. அழைப்பிதழில் மாலை ஆறரை மணி என்று போட்டிருக்கும். சிறப்பு விருந்தினர் வந்து, குத்துவிளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, நன்கொடையாளர் பெயர்களை வாசித்து முடிக்க ஏழரை ஆகிவிடும். அதுவரை பிள்ளைகள் பட்டுப்பாவாடையும் ஜிப்பாவுமாக மேடை ஓரத்தில் கால் கடுக்க நிற்பார்கள். பாட்டு பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்திலேயே கெட்டுப்போகிறது. பிள்ளைகள் களைத்துவிட்டால் மூச்சின் பிடி தளர்ந்து, குழு முழுவதுமே சுருதி இறங்கிவிடும். அவர்களை முதல் நிகழ்ச்சியாகப் பாடவிட்டுப் பிறகு பேச்சை வைத்துக்கொள்ளுங்கள் என்று அமைப்பாளரிடம் பெற்றோர் தயங்காமல் கேட்கலாம். சாப்பாடு பரிமாறும் விழாவென்றால் இன்னும் அவசியம். தட்டு, கரண்டிச் சத்தத்துக்கு நடுவே பிள்ளைக் குரல் எடுபடாது.

வீட்டிலிருந்து கிளம்புமுன் இரண்டு இட்லியோ, ஒரு கிண்ணம் உப்புமாவோ கொடுங்கள். பாட்டுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டிருந்தால் நல்லது. வயிறு முட்டியிருந்தால் மூச்சை ஆழமாக இழுக்க முடியாது. ஏசி அரங்கில் தொண்டை சீக்கிரம் காய்ந்துவிடும். ஐஸ் இல்லாத தண்ணீரை அவ்வப்போது ஒரு வாய் குடித்தால் போதும்.

வெறும் வயிறு இன்னொரு ஆபத்து. அதோடு முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும், மூளைக்குப் போவது குறையும். மேடை விளக்கின் சூடும் சேர்ந்தால் பிள்ளை மயங்கி விழலாம். கொட்டாவி, முகம் வெளுப்பது, நெற்றி வியர்ப்பது எல்லாம் முன்னறிகுறிகள். ‘முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி நில்லு, கால் விரலை அசைத்துக்கொண்டே இரு, தலை சுற்றினால் அங்கேயே உட்கார்ந்துவிடு’ என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். உட்காரக் கூச்சப்படும் பிள்ளைதான் படிமேடையிலிருந்து விழும்.

தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தையும் இவர்களே பாடுவதுண்டு. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, முல்லைப்பாணி என்கிற மோகன ராகத்தில், மூன்று மூன்றாக எண்ணும் மூன்றன் நடையில், 55 விநாடிகளில் பாட வேண்டும் என்று வரையறுத்தது. பக்கவாத்தியம் இல்லாவிட்டால் பிள்ளைகள் இழுத்து, ஒரு நிமிடத்தைத் தாண்டிவிடுவார்கள். செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து வீட்டிலேயே பழக்கலாம்.

மைக் விஷயத்தில் நடக்கும் தவறு, ஆளுக்கொரு மைக் கொடுப்பது அல்லது நன்றாகப் பாடும் இருவர் முன் மட்டும் வைப்பது. பதினைந்து, இருபது பேருக்கு ஒரு கன்டென்சர் மைக், அதாவது தள்ளி வைத்தாலும் குரலை நுட்பமாகப் பிடிக்கும் மைக், போதும். முன்வரிசைக்கு இரண்டு, மூன்று அடி தள்ளி, பின்வரிசைத் தலைகளுக்கு மேலே உயர்த்தி, அந்தப் பின்வரிசையை நோக்கிச் சாய்க்க வேண்டும். பாடுபவர்கள் கேட்பதற்காக மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் மைக்கைப் பார்த்து இருந்தால் வீல் என்று கத்தும்.

நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள் என்பதும் முக்கியம். ஓரத்தில் உட்கார்ந்து கையாட்டினால் பிள்ளையின் பார்வை, முன்னால் நின்று கையசைத்துப் பாட்டை வழிநடத்தும் நடத்துநரை விட்டு உங்களிடம் வந்துவிடும், அடுத்த அடியைத் தொடங்கும் இடம் தவறும். அரங்கின் நடுவில், நடத்துநரின் முதுகுக்கு நேராக இருக்கைகளைப் பிடியுங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். உங்கள் பிள்ளையின் குரல் தனியாகக் கேட்கிறதே என்று பூரித்துப்போகாதீர்கள். சேர்ந்திசையில் அது குறை. அப்பா அம்மாவைக் கண்டதும் குரலை அழுத்திப் பாடுகிறது என்றுதான் பொருள்.

வீட்டில் பிள்ளை வேறு ஏதோ மெட்டில் முணுமுணுத்தால் திருத்தவும் வேண்டாம். சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கிய எம்.பி. சீனிவாசன், ஒரே மெட்டை எல்லோரும் பாடும் நம் பழக்கத்துக்குள் பல குரல் அடுக்கைக் கொண்டுவந்தவர். அந்த அடுக்கில் உங்கள் பிள்ளைக்கு இரண்டாம் குரல், அதாவது வேறொரு மெட்டு, ஒதுக்கியிருப்பார்கள். தனியாகக் கேட்டால் அது அபஸ்வரமாகத் தெரியும், முதல் குரலோடு சேரும்போதுதான் பொருந்தும். மறதியில் பக்கத்துப் பிள்ளையின் குரலுக்கு நழுவிவிடாமல் இருக்க, முதல் குரலை நீங்கள் பாடி, அதன் மேல் பிள்ளையைப் பாடச் சொல்லிப் பாருங்கள்.

பாட்டு முடிந்ததும் மேடைக்கு ஓடாதீர்கள். முன்வரிசை இறங்கிய பிறகே பின்வரிசை படியிறங்க முடியும், நடுவில் ஒரு பெற்றோர் நுழைந்தால் நெரிசல். ஒப்பனை அறை வாசலில் நின்று கூட்டிக்கொள்ளுங்கள். ஏலமும் நன்றியுரையும் முடியும் வரை பிள்ளைகளைக் காக்க வைக்க வேண்டாம், சாப்பாடு கொடுத்து அழைத்துப் போய்விடலாம்.

வணக்கம்.