வாட்ச் காட்டும் இதயத் துடிப்பை எவ்வளவு நம்பலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

"மெதுவாகத்தான் ஓடினேன், வாட்ச் 170 என்று காட்டுகிறது. எனக்கு இதயக் கோளாறா?" இதயத் துடிப்பு மானி வாங்கியவர்கள் பலரிடமிருந்து வரும் கேள்வி இது. மூச்சுத்திணறலோ படபடப்போ மயக்கமோ இல்லையென்றால், இதயத்தைச் சந்தேகிப்பதற்கு முன் மணிக்கட்டுப் பட்டையைச் சந்தேகியுங்கள் என்பதுதான் என் பதில்.

இந்தக் கருவிகளில் இரண்டு வகை உண்டு. மார்பில் கட்டும் பட்டை, ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தில் எழும் மின்னலையைத் தோல்வழியாகப் பிடிக்கிறது. இ.சி.ஜி. எடுக்கும் அதே அடிப்படைதான். கம்பியில்லாத பட்டைகள் 1980களிலேயே விளையாட்டு வீரர்களிடம் வந்துவிட்டன. மணிக்கட்டு வாட்ச் வேறு வழியில் போகிறது. அதன் அடியில் மின்னும் பச்சை ஒளியை இரத்தம் உறிஞ்சிக்கொள்ளும். துடிக்கும்போது தோலடி நாளங்களில் இரத்தம் பெருகும்; திரும்பி வரும் ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் வாட்ச் எண்ணுகிறது. அது இதயத்தை நேராகப் பார்ப்பதே இல்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல்களுக்கு நீங்களே காரணம் கண்டுபிடித்துவிடலாம். ஓடுகிறவர் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைப்பது சாதாரணம். கை அதே தாளத்தில் ஆடுகிறது. வாட்சின் பட்டை தளர்ந்திருந்தால் வாட்சும் ஆடும். இரத்தத்தின் தாளத்தை விட்டுவிட்டுக் காலின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். திரையில் தெரிவது துடிப்பு அல்ல, அடிகளின் எண்ணிக்கை! சோதிப்பது எளிது. சட்டென்று நின்று பாருங்கள். உண்மையான துடிப்பு படிப்படியாகத்தான் இறங்கும். எண் ஒரே தாவலில் 170இலிருந்து 110க்கு விழுந்தால், அது பெரும்பாலும் கருவியின் குழப்பம்.

வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு மேலே, முழங்கைப் பக்கமாக இரண்டு விரல் அகலம் தள்ளி, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். பயிற்சி முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். குளிரில் தோலடி நாளங்கள் சுருங்குவதால் ஒளி தடுமாறும். உடலைச் சூடாக்கிக்கொண்டு தொடங்கினால் சரியாகும். பச்சை குத்திய இடத்தில் ஒளி மறைபடும். மறு கையில் கட்டிப் பாருங்கள். எடை தூக்கும்போதும், சைக்கிளின் கைப்பிடியை இறுகப் பற்றும்போதும் மணிக்கட்டு வளைந்து தசை இறுகுவதால், நல்ல வாட்சும் உளறும். அந்தப் பயிற்சிகளுக்கு மார்புப் பட்டையே மேல் என்பது என் கருத்து.

அதற்காக மார்புப் பட்டை தொல்லையே தராது என்று நினைத்துவிடாதீர்கள். தோலைத் தொடும் மின்முனை உலர்ந்திருந்தால் மின்னலையைச் சரியாகப் பிடிக்காது. "முதல் பத்து நிமிடம் ஏதேதோ காட்டியது, பிறகு தானாகச் சரியாகிவிட்டது" என்பார்கள். தானாக இல்லை, வியர்வை வந்தது. கட்டுவதற்கு முன்பே மின்முனைகளைத் தண்ணீரால் நனைத்துவிட்டால் போதும். தளர்ந்த செயற்கை இழைச் சட்டை பட்டையில் உராய்ந்தால் நிலைமின்சாரம் உண்டாகி, எண் திடீரென்று எகிறும். பயன்படுத்திய பின் பட்டையை அலசி, சிறு மின்பெட்டியைக் கழற்றி வையுங்கள். ஈரப் பட்டையோடு விட்டால் இன்னும் மார்பில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு அது விழித்திருக்கும், பேட்டரி வீணாகும். உப்பும் சோப்பும் தங்கிய பட்டை தோலில் தடிப்பையும் வரவழைக்கும்.

பட்டை வேலை செய்கிறது, வாட்சில் மட்டும் எண் வரவில்லையா? உங்கள் கைப்பேசி ஏற்கெனவே புளூடூத் வழியாக அதைப் பிடித்து வைத்திருக்கலாம். பழைய பட்டைகள் பலவும் ஒரு நேரத்தில் ஒரு கருவியோடுதான் பேசும். நீச்சலில் தொடர்பு அறுந்தால் அது பழுதே இல்லை. புளூடூத் அலை தண்ணீருக்குள் சில அங்குலம்கூடச் சரியாகப் போகாது.

எப்போதும் கைகொடுக்கும் சோதனை விரல்தான். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வைத்து, 30 விநாடி எண்ணி இரட்டிப்பாக்குங்கள். கட்டைவிரலால் தொடாதீர்கள், அதன் நாடியையே எண்ணிவிடுவீர்கள். துடிப்பு ஒழுங்கற்றுத் தெரிந்தால் ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். அந்த ஒழுங்கின்மை மறுபடியும் மறுபடியும் தெரிந்தால், வாட்சை மாற்றுவதால் பயனில்லை. மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்றிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு: 220இலிருந்து வயதைக் கழித்து, "இதுதான் என் உச்சத் துடிப்பு" என்று முடிவு கட்டுவது. 1970களில் பரவிய தோராயம் அது. 2001இல் வந்த இன்னொரு கணக்கு, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கச் சொல்கிறது. 60 வயதுக்காரருக்கு முதல் கணக்கில் 160, இரண்டாவதில் 166. ஆளுக்கு ஆள் பத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள் கூடவோ குறையவோ இருப்பது இயல்பு. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவர்களுக்கு இரண்டுமே பொருந்தாது. மருந்து துடிப்பை அடக்கி வைத்திருக்கும்போது, வாட்ச் சொல்லும் இலக்கை எட்டியே தீர வேண்டும் என்று ஓடுவது ஆபத்து. உங்கள் வரம்பை மருத்துவரிடமே கேளுங்கள். நடந்துகொண்டே பேச முடிகிறதா, மூச்சு வாங்குகிறதா என்பதும் நல்ல அளவுகோல்தான்.

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் வந்தால், திரையில் 72 என்று அழகாக இருந்தாலும் உடனே நிறுத்தி அவசர உதவியை அழையுங்கள். வாட்சில் இ.சி.ஜி. வசதி இருந்தாலும் அது மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்டபின் அணியுங்கள். காந்தம் உள்ள சார்ஜரையும் பட்டையையும் அதிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள்.

கடைசியாக, பட்டையிலிருந்து கழற்றிய பட்டன் பேட்டரியை மேசைமேல் விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், 2 மணி நேரத்துக்குள் கடுமையான புண் உண்டாகலாம். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தியெடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

வணக்கம்.