வீடு வேண்டாம், ஒரு பாகம் போதும்

நேயர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரிக் கடலில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலத்தில் இதற்குள் உங்களில் பலர் நடந்திருப்பீர்கள். 2024 டிசம்பர் 30ஆம் தேதி திறந்தார்கள். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதன் இரும்பு வளைவை அலைக்கு நடுவே நின்று யாரும் உருவாக்கவில்லை. புதுச்சேரியில் துண்டு துண்டாகச் செய்து, இங்கே கொண்டுவந்து பூட்டினார்கள். மார்த்தாண்டம் மேம்பாலமும் இரும்புப் பாலம்தான். அதன் உத்தரங்களும் தயாராக வந்து தூண்கள்மேல் ஏறியவை.

என் கேள்வி சின்னது. நம் கடலில் நிற்கும் பாலத்தின் ஒரு துண்டையாவது நம் ஊர்ப் பட்டறை ஏன் செய்யவில்லை?

நான் பல வருடம் கட்டுமானப் பாகங்களை வாங்கும் பக்கத்தில் வேலை பார்த்தவன். பட்டறைகளை நேரில் போய்ப் பார்த்து, இவர்களிடம் வாங்கலாமா வேண்டாமா என்று எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. அந்தக் கண்ணோடு பார்த்துத்தான் இன்று பேசுகிறேன். அதனால் சில இடங்களில் கொஞ்சம் கறாராக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப் பாகம் பாகமாகச் செய்து பூட்டும் வேலை கட்டடத்திலும் வந்துவிட்டது. மாடுலர் கட்டுமானம் என்பது, கட்டடத்தை மனையில் செங்கல் செங்கலாக எழுப்பாமல், சுவர், தளம், படிக்கட்டு, குளியலறை என்று தனித்தனியாகத் தொழிற்சாலையில் செய்து, மனையில் பொருத்துவது. சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை முன்வார்ப்புக் கான்கிரீட், அதாவது முன்கூட்டியே வார்த்து வைத்த பாகங்களால் கட்டினார்கள். 2021 ஜனவரியில் அடிக்கல், 2022 மே மாதம் திறப்பு. மத்திய அரசின் அதே வீட்டுத் திட்டத்தில் ராஞ்சியில் முழு அறைகளையே வார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள்.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனி லாபம் உண்டு. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் நம்மை நனைக்கும். கான்கிரீட் போட வானத்தைப் பார்த்து நிற்கும் நாட்கள் எத்தனை என்று எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார். கூரைக்கு அடியில் நடக்கும் வேலைக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

ஆனால் முழு அறையை லாரியில் ஏற்றும் கனவு நமக்கு வேண்டாம். லாரியும் சரக்கும் சேர்ந்து 2.6 மீட்டர் அகலத்தைத் தாண்டினால் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் குலசேகரம், அருமனைப் பக்கத்து வளைவுகளில் அந்த லாரி எப்படித் திரும்பும்? தட்டையாக அடுக்கக்கூடிய பலகைகள், இரும்புச் சட்டங்கள், கதவுகள், குழாய்த் தொகுப்புகள், அகலம் 2.4 மீட்டருக்குள் அடங்கும் குளியலறைகள். நம் சாலைக்கு இவ்வளவுதான் சரிப்படும். இதிலேயே வேலை நிறைய இருக்கிறது.

பெரிய நிறுவனம் ஒன்று மருத்துவமனையோ விடுதியோ கட்ட ஒப்பந்தம் எடுக்கும். எல்லாப் பாகத்தையும் அதுவே செய்யாது. ஒருவரிடம் சட்டம், இன்னொருவரிடம் கதவு, மற்றொருவரிடம் தரைத்தட்டு என்று பிரித்து வாங்கும். அந்த வரிசையில் ஓர் இடத்தைப் பிடிப்பதுதான் நம் வேலை. "நாங்க வீடே கட்டித் தருவோம்" என்று கிளம்புகிற பட்டறையைவிட, "இந்த ஒரு பொருளை ஆயிரம் எண்ணம் தருவோம்" என்று வருகிற பட்டறையைத்தான் வாங்குபவர் திரும்பிப் பார்ப்பார்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? கடற்கரையிலிருந்து தொடங்குகிறேன். 1980களில் இந்தக் கரையில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் வந்தன, அப்புறம் ஃபைபர் பூச்சு, அப்புறம் முழு ஃபைபர் படகு. இன்றைக்கு ஃபைபர் வேலை தெரிந்த கைகள் நம் கடலோர ஊர்களில் இருக்கின்றன. அச்சைத் துடைத்து மெழுகு தேய்த்து, ஜெல் கோட் என்னும் மேல்பூச்சு அடித்து, கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் என்னும் பிசினை உருட்டிக் காற்றுக் குமிழ் வெளியேற்றுகிற அந்த வேலை இருக்கிறதே, தொழிற்சாலையில் செய்யும் குளியலறையின் தரைத்தட்டுக்கும் அதே வேலைதான். கடல் தண்ணீர் உள்ளே வராமல் படகு செய்பவருக்கு, குளியலறைத் தண்ணீர் வெளியே போகாமல் தட்டு செய்யத் தெரியாதா?

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. கட்டடத்துக்குத் தீ முக்கியம். படகுக்கு ஊற்றுகிற சாதாரண ரெசின் பற்றி எரியும். கட்டடத்துக்குள் போகும் பொருளுக்குத் தீயை எதிர்க்கும் ரெசின் வேண்டும், சோதனைச் சான்றும் வேண்டும். அந்தச் சோதனைக்கு ஆகும் செலவைத் தனி ஒரு படகுக் கூடம் தாங்காது. உதவி தேவைப்படும் முதல் இடம் இதுதான்.

அடுத்தது வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் பழைய ஆதங்கம். எண்ணெய் ஆலைகளிலும் கப்பல் பட்டறைகளிலும் வெல்டராக, ஃபிட்டராக இருந்தவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. 6ஜி தேர்வு, அதாவது சாய்ந்து நிற்கும் குழாயை அசைக்காமல் சுற்றிவர வெல்டிங் செய்து காட்டும் தேர்வு, அதில் தேறியவர்கள் அவர்களில் உண்டு. ஆய்வாளர் தலைக்குமேல் நின்று பார்க்கும்போது வேலை செய்யப் பழகியவர்கள். எந்தக் கம்பியை எந்த ஆம்பியரில் ஓட்ட வேண்டும் என்று தாளில் எழுதியிருப்பதைப் படித்து அப்படியே செய்தவர்கள். ஊருக்கு வந்ததும் கேட்டும் கிரில்லும் செய்துகொண்டிருக்கிறார்கள். கேட்டும் கிரில்லும் கேவலம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கைக்கு அது போதுமான தீனி இல்லை.

மூன்றாவது ரப்பர் மரம். 25, 30 வருடம் பால் வெட்டிய பிறகு முறிக்கும் மரம், பெரும்பாலும் உருளைத் தடியாகவே லாரி ஏறி, ஒட்டுப்பலகை ஆலைகள் நிறைந்த பெரும்பாவூர் பக்கம் போய்விடுகிறது. ரப்பர் தடியை வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாயும், வண்டும் துளைக்கும். உடனே அறுத்து, போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் ஈரத்தைப் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு இறக்கினால் உள்வேலைக்கு அருமையான மரம். கதவு, அலமாரி, படிக்கட்டுப் பலகை எல்லாம் செய்யலாம். ரப்பர் மரத்தில் வெளிச்சுவரே கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நம் மழைக்கு அது நிற்காது.

கையும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது. அப்புறம் ஏன் ஆர்டர் வரவில்லை? நான் வாங்கும் பக்கம் நின்று பார்த்தவரை, பட்டறைகளை "வேண்டாம்" என்று எழுதியதற்குத் தொழில் தெரியாதது காரணமாக இருந்தது மிக அரிது. அளவுதான் காரணம். நம் ஆசாரிமார் ஒரு நூல் என்று சொல்வது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். மனையில் ஒரு நூல் கூடினால் சிமென்ட் பூச்சு அதை விழுங்கிவிடும். தொழிற்சாலைப் பாகத்துக்குப் பூச்சு கிடையாது. பத்துச் சுவர்ப் பலகைகள் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றும் ஒரு நூல் கூடினால் கடைசிப் பலகை மூன்று சென்டிமீட்டர் வெளியே நிற்கும். அங்கே கதவு மூடாது, குழாய் சேராது, கிரேனுக்கு வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

இதற்கு மருந்து, இன்னும் கவனமாக அளப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அளக்கவே தேவையில்லாதபடி ஜிக் செய்வதுதான் மருந்து. இரும்பில் ஒரு சட்டம் அடித்து வைத்து, பாகத்தை அதற்குள் இறுக்கி வெல்டிங் செய்தால் நூறாவதும் முதலாவது போலவே வரும். வெல்டிங் சூட்டில் இரும்பு இழுக்கும் என்பது வெல்டருக்குத் தெரியும். எந்தப் பக்கம் முதலில் ஓட்டுவது, எங்கே விட்டுவிட்டு ஓட்டுவது என்பதையும் ஒரு தாளில் எழுதி ஜிக் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். அப்புறம் பதிவு. எந்த இரும்பு, எந்தத் தேதி, யார் செய்தார், அளந்தபோது என்ன வந்தது என்று ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரி. நோட்டுப் புத்தகம் போதும். ஓர் இடத்தில் விரிசல் வந்தால், அதே இரும்பில் செய்த மற்ற பாகங்கள் எங்கே போயின என்று அந்த நோட்டு சொல்லும். வாங்குபவர் கேட்கும் தரச்சான்றின் பாதி இந்த நோட்டில் இருக்கிறது.

கடலோரத்துக்குப் போகும் இரும்பில் இன்னொரு விஷயம். பெயின்ட் அடித்து அனுப்பினால் உப்புக் காற்றில் துரு பிடிப்பதற்கு அதிக நாள் ஆகாது. துத்தநாகக் குளியல், அதாவது கால்வனைசிங் கேட்பார்கள். ஐந்து மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிமனான இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம் ஏற வேண்டும் என்பது இந்தியத் தரம். விலை பேசும்போதே இதைச் சேர்த்துப் பேசுங்கள், பிறகு கேட்டால் தர மாட்டார்கள்.

இனி பணம். பட்டறைக்காரர்கள் என்னிடம் மனம்விட்டுப் பேசியதெல்லாம் இதைப் பற்றித்தான். இரும்புக்கடைக்கு ரொக்கம், கூலிக்கு சனிக்கிழமை, ஆனால் பில் பாஸ் ஆக மூன்று நான்கு மாதம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்திலும், அப்படி இழுத்தடித்த தொகையைக் கொடுக்கும்வரை செலவாகக் கணக்கில் காட்ட முடியாது என்று திருத்தம் வந்துவிட்டது. சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராதே என்ற பயம் சட்டத்தைவிடப் பெரிது. அதனால் நான் சொல்வது டிரெட்ஸ் என்னும் இணையச் சந்தை. பெரிய நிறுவனம் ஒப்புக்கொண்ட பில்லை அதில் ஏற்றினால், பில் தொகையில் எவ்வளவு கழித்துக்கொண்டு பணம் தருவோம் என்று வங்கிகள் போட்டி போட்டுச் சொல்லும். குறைந்த கழிவுக்குத் தரும் வங்கியிடம் பணம் உடனே வரும், பெரிய நிறுவனம் பிறகு வங்கிக்குக் கட்டிக்கொள்ளும். 250 கோடி ரூபாய்க்குமேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் இதில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று இப்போது விதி. ஆர்டர் பேசும்போதே "டிரெட்ஸில் ஏற்றுவீர்களா" என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

உதவி செய்ய விரும்பும் அதிகாரிகளுக்கும் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஹாலில் ஒரு நாள் விழிப்புணர்வுக் கூட்டம், மதியம் சாப்பாடு, ஒரு ஃபைல், இது போதாது. ரப்பர் மரம் உலர்த்தும் சூளையும் அளவு பார்க்கும் அறையும் பத்துப் பட்டறைக்குப் பொதுவாக இருக்கலாம். பொது வசதி மையத்துக்கு மத்திய அரசின் தொகுப்பு வளர்ச்சித் திட்டத்தில் மானியம் உண்டு. தர ஆய்வாளர் ஒருவரைப் பத்துப் பட்டறையும் பங்குபோட்டுச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். வளைகுடாவில் அந்த வேலை பார்த்துவிட்டு வந்தவரே பக்கத்துத் தெருவில் இருப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, சோதனை ஆர்டர் வேண்டும். மாவட்டத்தில் அரசு விடுதியோ ஆரம்ப சுகாதார நிலையமோ கட்டும்போது நாலு குளியலறையை, இருபது கதவை இங்கிருந்து வாங்கட்டும். முதல் ஆர்டர் இல்லாதவரிடம் முன் அனுபவச் சான்று கேட்டுக்கொண்டே இருந்தால் யார்தான் உள்ளே வர முடியும்?

பட்டறை நடத்துபவர்கள் முதலில் உத்யம் பதிவை, அதாவது குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவைச் செய்துவிடுங்கள். அதற்குக் கட்டணமே கிடையாது, யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஜெட் என்னும் தரச்சான்றில் குறு நிறுவனத்துக்குக் கட்டணத்தில் 80 சதவீதம் மானியம். வெண்கல நிலையிலிருந்து தொடங்கலாம். மாவட்டத் தொழில் மையம் நாகர்கோவில் கோணத்தில் இருக்கிறது. போகும்போது வெறுங்கையோடு போகாமல், உங்கள் பட்டறையில் செய்த பொருள் ஒன்று, அதன் டிராயிங், அளந்து எழுதிய தாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே பொருளில் இரண்டு எண்ணம் கொண்டுபோனால் இன்னும் நல்லது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.