பிக்னிக் என்றால் கூட்டாஞ்சோறு

நேயர்களுக்கு வணக்கம். போன வாரம் என் பேத்தி பள்ளியிலிருந்து ஒரு சீட்டு கொண்டுவந்தாள். பிக்னிக் போகிறார்களாம், ஆளுக்கு அறுநூறு ரூபாய், சாப்பாடு அவர்களே தந்துவிடுவார்கள், வீட்டிலிருந்து எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று அடிக்கோடு வேறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆளுக்கொன்று கொண்டுபோவதுதானே அந்தச் சொல்லுக்கு முதல் பொருளே! ஊர் சுற்றுவதெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

சொல் பிறந்தது பிரான்சில், 'பீக்-நீக்' என்று. 1694-இல் வந்த, மெனாழ் என்ற பிரெஞ்சு அறிஞரின் சொற்பிறப்பு அகராதியிலேயே இருக்கிறது: அவரவர் பங்கை அவரவர் கொடுத்துச் சாப்பிடும் விருந்து. 'பீக்கே' என்றால் கொத்துவது, பொறுக்குவது. 'நீக்' என்பதற்கு அற்பமான பொருள் என்று சொல்வார்கள். எனக்கென்னவோ நாம் காப்பி கீப்பி என்கிறோமே, அந்த மாதிரி ஓசைக்காக ஒட்டிய வால் என்றுதான் படுகிறது. அமெரிக்காவில் கறுப்பினத்தவரைத் தூக்கில் போட்ட கொடுமையிலிருந்து இந்தச் சொல் வந்ததாக வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. கொடுமை உண்மை, கூட்டம் கூடி வேடிக்கை பார்த்ததும் உண்மை. ஆனால் சொல் அங்கே பிறந்ததல்ல.

ஆங்கிலத்தில் 1748-இல் செஸ்டர்ஃபீல்ட் பிரபு ஜெர்மனியில் இருந்த மகனுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. 1801 வாக்கில் லண்டன் பணக்காரர்கள் பிக்னிக் சங்கம் என்றே ஒன்று வைத்தார்கள். யார் எந்தப் பதார்த்தம் கொண்டுவருவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு, சாப்பிட்டு, நாடகம் நடித்து, எல்லாம் நாலு சுவருக்குள்தான். கில்ரே என்ற ஓவியர் அவர்களைக் கேலிச்சித்திரம் போட்டுக் கிழித்தார்.

புல்தரைக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில். 1861-இல் திருமதி பீட்டன் போட்ட வீட்டு நிர்வாகப் புத்தகத்தில் 40 பேர் பிக்னிக் போக ஒரு பட்டியல் இருக்கிறது. கோழி நாலு, வாத்து இரண்டு, சிங்கி இறால் ஆறு, பீர் மூன்று டஜன் பாட்டில், தக்கை திருகி எடுக்கும் கருவி மூன்று. ஒன்று தொலையும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. தண்ணீர் மட்டும் வேண்டாமாம், போகிற இடத்தில் கிடைக்குமாம்!

சரி, தமிழில் என்ன சொல்வது? இன்பச் சுற்றுலா என்கிறோம், அதில் சோறே இல்லை. கட்டுச்சோறும் சரிவராது, அது அவரவர் மூட்டை. கூட்டாஞ்சோறுதான் அந்தப் பழைய பிரெஞ்சுப் பொருளுக்கு அச்சு அசல். எங்கள் தெருவில் ஒருத்தி பாவாடை மடியில் அரிசி கொண்டுவருவாள், ஒருத்தன் டிராயர் பையில் துவரம்பருப்பு, நூலும் பஞ்சுமாக ஒட்டிக்கொண்டு வரும், நான் வெல்லம், அதிலும் பாதி வழியிலேயே காலி. மூன்று கல் கூட்டி, சுள்ளி பொறுக்கி, ஊதி ஊதிக் கண் எரிந்து, கடைசியில் குழைந்த சோற்றை வாழை இலைக் கிழிசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், உப்பு கொண்டுவர வேண்டியவன் வரவேயில்லை. அப்படியே தின்றோம்.