கேப்போன்னு, அதான் அடுத்தவங்க விஷயத்துல மூக்கை நுழைக்கிற ஆளுன்னு, சொல்லிட்டாங்க, அதான் இந்த வீடியோ

வணக்கம் மக்களே, இன்னைக்கு கிச்சன் வீடியோ போடுறேன்னு சொல்லியிருந்தேன், முடியல, மனசே ஆறல. இங்க சிங்கப்பூர்ல நம்ம புளோக் கீழ வாய்ட் டெக்ல, அதான் தரைத்தளத்துல இருக்குற திறந்த இடத்துல, வேலை நடக்குதுன்னு போன வாரம் காட்டினேன்ல, சுத்தி பலகை அடிச்சு மூடி வச்சிருக்காங்க. நேத்து தே தாரிக், அதான் நுரை வர ஆத்துற பால் டீ, பொட்டலம் கட்டிக்கிட்டு வரப்போ அந்தப் பலகையில எட்டிப் பாத்தேன். பின்னாடி ஒரு ஆண்ட்டி, "நீ ரொம்ப கேப்போ மா"ன்னு சத்தமா சொல்ல, நான் வெடுக்குனு திரும்ப, பை சரிஞ்சு பாதி தே தரையில. 1.80 வெள்ளி! டெக்கா மார்க்கெட்ல நான் வழக்கமா குடிக்கிறது 1.50, 30 காசு கூடக் குடுத்து இங்க வாங்குறதே அந்த அண்ணன் ஆத்துற நுரைக்காகத்தான், ஒரு வாய்கூட குடிக்கல.

தேயை விட்டுடலாம், அந்த வார்த்தைய விட முடியல. தெரிஞ்சுக்கணும்ங்கிற ஆர்வம் தப்பா என்ன? ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு பாருங்க.

1953ல ராபர்ட் பட்லர்னு ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர், அமெரிக்காவுல, குரங்கை மூடின பெட்டிக்குள்ள வச்சாரு. சரியான கலர் அட்டைய தள்ளினா ஜன்னல் 30 வினாடி திறக்கும். திங்க ஒண்ணும் கிடையாது, வெளிய பாக்கலாம், அவ்ளோதான். அதுக்காகவே எந்தக் கலர்னு கத்துக்கிட்டு குரங்குங்க தள்ளிக்கிட்டே இருந்துச்சுங்க! ஆங், முன்னாடியே சொல்லியிருக்கணும், அப்போ கிளார்க் ஹல்ங்கிற மனோதத்துவ நிபுணர் வழி வந்தவங்க, பசி தாகம் மாதிரி ஒரு தேவை தீந்தாத்தான் உயிர்கள் எதையும் கத்துக்கும்னு அடிச்சுச் சொன்ன காலம். அதுல விழுந்த அடி இது. ஹாரி ஹார்லோன்னு இன்னொரு ஆராய்ச்சியாளரும் 1950லயே, கொக்கி தாழ்ப்பாள் புதிரை குரங்குங்க பரிசே இல்லாம கழட்டுறதைக் காட்டிட்டாரு.

இந்த மனோதத்துவ நிபுணர்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சவரு டேனியல் பெர்லைன். 1954ல, புதுசா ஒண்ணு கண்ணுல பட்டா இழுக்குற ஆர்வம் வேற, தெரிஞ்சே ஆகணும்னு அறிவுக்கு வர்ற தவிப்பு வேறன்னு பிரிச்சாரு. முதலாவது மிருகத்துக்கும் உண்டு, ரெண்டாவது மனுஷனோட தனிச் சொத்து மாதிரி. அதைப் போய் கேப்போன்னு சொல்லலாமா?

இன்னொண்ணு விட்டுட்டேன், வில்லியம் ஜேம்ஸ்னு பழைய மனோதத்துவ மேதை, 1890லயே சொன்னது, தெரிஞ்சதுல ஒரு ஓட்டை இருந்தா மூளைக்கு அது அபஸ்வரம் கேட்ட மாதிரின்னு. 1994ல ஜார்ஜ் லோவன்ஸ்டைன்னு ஒரு ஆய்வாளர் இதையே வளத்து, கொஞ்சம் தெரிஞ்சு மீதி தெரியாதப்பதான் தெரிஞ்சுக்கணும்ங்கிற அரிப்பே ஜாஸ்தின்னாரு.

அய்யோ, பலகையில என் கண்ணு உயரத்துக்கு ஒரு ஓட்டை இருந்துச்சுன்னு சொன்னேனா? அதுலதான் பாத்தேன். நீலக் குழாய் ஒண்ணு, அதுக்குப் பின்னாடி வட்டமா, பெருசா ஏதோ ஒண்ணு, பாதிதான் தெரிஞ்சுது. இன்னைக்குக் காலைல போனா அந்த ஓட்டை மேல கருப்பு டேப் ஒட்டியிருக்காங்க மக்களே. யாராவது அந்த முழு வட்டத்தையும் பாத்திருந்தீங்கன்னா தயவுசெஞ்சு கீழ சொல்லுங்க.