பாஸ்வேர்டு நூலகர் கையில இருக்கட்டும்

(நூலகர் தினக் கூட்டத்துல பேசினது, கேட்டவங்களுக்காக எழுதிக் குடுத்திருக்கேன்)

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்குற மாவட்ட நூலக அலுவலர் அம்மா அவங்களுக்கும், அத்தனை வேலைக்கு நடுவுல நேரம் ஒதுக்கி வந்திருக்குற முதன்மைக் கல்வி அலுவலர் ஐயா அவங்களுக்கும், வாசகர் வட்டத் தலைவர் அண்ணன் அவங்களுக்கும், இந்த மண்டபத்த வாடகை வாங்காம குடுத்த வர்த்தகர் சங்கத்துப் பெரியவங்களுக்கும், காலையில இருந்து நாற்காலி தூக்கிப் போட்டு மைக் செட் கட்டுன தம்பிங்களுக்கும் என்னோட வணக்கம். முன் வரிசையில எனக்கு கேட்டலாக் போடக் கத்துக்குடுத்த அக்கா உக்காந்திருக்காங்க, அவங்க ரிட்டயர் ஆகி பல வருஷம் ஆச்சு, இந்த வெயில்ல பஸ் ஏறி வந்திருக்காங்க, அவங்களுக்கு ஒரு கைதட்டு குடுங்க. பொன்னாடையோட ஒரு புத்தகமும் குடுத்தீங்களே, அதுக்கு தனியா ஒரு நன்றி.

இன்னைக்கு ஆகஸ்ட் 12. சீர்காழியில 1892ல பொறந்த நம்ம எஸ்.ஆர்.ரங்கநாதன் ஐயாவோட நாள். கணக்கு வாத்தியாரா இருந்தவரு 1924ல சென்னைப் பல்கலைக்கழக நூலகரா போனாரு, லண்டன் போய் படிச்சிட்டு வந்தாரு, 1931ல நூலகத்துக்கு அஞ்சு விதின்னு புத்தகம் போட்டாரு. அதே 1931லதான் மன்னார்குடி பக்கம் மேலவாசல்ல மாட்டு வண்டியில புத்தகத்த ஏத்திக்கிட்டு ஊர் ஊரா போற நடமாடும் நூலகம் ஆரம்பிச்சாங்க. அவரோட முதல் விதி, நூல்கள் பயன்படுத்துறதுக்கே. அத விளக்குறப்ப, ஐரோப்பாவுல ஒரு காலத்துல புத்தகத்த அலமாரியோட சேத்து சங்கிலி போட்டு வெச்சிருந்தத சொல்லுவாரு. அந்த சங்கிலியத்தான் இப்ப பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர்ல பாக்குறேன், அதனாலதான் இந்தத் தலைப்ப நானே கேட்டு வாங்குனேன்.

மூணு விஷயம் சொல்லணும்னு வந்தேன். கம்ப்யூட்டர்ல சில இணையப் பக்கத்த திறக்க விடாம தடுக்குற ஃபில்டர் எப்படி வேலை செய்யுது, அதுல நூலகர் என்ன செய்யணும், வீட்டுல செல்போன பெத்தவங்க எப்படி பாத்துக்கணும்.

முதல்லயே சொல்லிடுறேன், ஃபில்டரே வேணாம்னு நான் சொல்லல. ஆறாவது படிக்கிற புள்ள கண்ணுல எது படக் கூடாதுன்னு எனக்கும் தெரியும், நானும் ரெண்டு புள்ள வளத்தவதான். ஆனா எங்க அம்மாச்சி ஒண்ணு சொல்லுவாங்க, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துன கதைன்னு. அது மட்டும் ஆயிரக் கூடாது.

ஃபில்டர்ல சில வகை இருக்கு. ஒண்ணு வார்த்தை லிஸ்ட், அந்த எழுத்து வந்தா பக்கம் திறக்காது. இன்னொண்ணு கம்பெனிக்காரங்க சைட்டுகள சூதாட்டம், ஆபாசம், விளையாட்டுன்னு வகை பிரிச்சு வெச்சிருப்பாங்க, நாம டிக் அடிச்ச வகை மொத்தமா போயிரும். அப்புறம் டிஎன்எஸ்னு ஒண்ணு, சைட்டோட பேர வெச்சு அது இருக்குற இடத்தக் கண்டுபிடிச்சுக் குடுக்குற ஏற்பாடு, அங்கயே தடுக்குறது, அதுக்கு சைட்டோட பேரு மட்டும்தான் தெரியும், உள்ள எந்தப் பக்கத்த பாக்குறோம்னு தெரியாது, அதனால ஒரு பக்கத்துக்காக முழு சைட்டையும் மூடும். இது எதுக்கும் அர்த்தம் புரியாதுங்க. இங்கிலாந்துல ஸ்கன்தார்ப்னு ஒரு ஊர், 1996ல அந்த ஊர்க்காரங்களால ஏஓஎல்னு ஒரு இன்டர்நெட் கம்பெனியில கணக்கு தொடங்க முடியல, ஏன்னா ஊர் பேருக்குள்ள ஒரு கெட்ட வார்த்தையோட எழுத்து இருக்குதாம்.

அது வெளிநாட்டு சேதி. நம்ம ஊர்ல நடந்தத சொல்றேன், பள்ளி பேரு வேணாம். நான் அங்க நூலகரா இருந்தேன். ஒன்பதாவது படிக்கிற ஒரு பையன், அப்பா கோயில் வாசல்ல பூ கட்டி விக்கிறவரு. மாவட்ட அளவுல தேவாரம் ஒப்புவிக்கிற போட்டிக்கு அவன் பேரு குடுத்திருந்தான், அவனுக்கு வந்தது சம்பந்தர் பாடுன திருவண்ணாமலைப் பதிகம். நூலகத்து கம்ப்யூட்டர்ல உக்காந்து தமிழ்ல டைப் பண்றான், சிவப்பு திரை வருது, தடை செய்யப்பட்டதுன்னு. தப்பா அடிச்சிட்டோம்போலன்னு திரும்ப அடிக்கிறான், திரும்ப சிவப்பு. நாலு தடவை. அன்னைக்கு நான் புத்தகம் வாங்க டவுனுக்குப் போயிருந்தேன், பக்கத்துல யாரும் இல்ல.

மறுநாள் லேப் பொறுப்புல இருந்தவரு ஃபில்டர் தடுத்த தேடலோட லிஸ்ட்ட பிரிண்ட் எடுத்து ஹெச்எம் மேசையில வெச்சிட்டாரு, ஆபாச வார்த்தை, நாலு தடவை, பையன் பேரு. அவனக் கூப்பிட்டு ரூமுக்கு வெளிய நிக்க வெச்சாச்சு, போற வர்ற பசங்க எல்லாம் பாத்து சிரிக்கிறாங்க, அவங்க அப்பாவுக்கு போன் போட்டு வரச் சொல்லியாச்சு. அந்த மனுஷன் பாதி கட்டுன மாலைய அப்படியே போட்டுட்டு ஓடி வந்திருக்காரு, கையில நார் கூட அப்படியே இருக்கு. என்னடா தேடுனன்னு ஹெச்எம் கேக்குறாரு, அவனுக்கு வாய் வரல. எப்படி வரும்? அந்த ரூம்ல வெச்சு அந்த எழுத்த சொன்னாலே அடி விழும்னு நினைக்கிறான். நான் பில்லுல கையெழுத்து வாங்கப் போனவ, அவன் அழுறதப் பாத்துட்டு என்னடா தம்பின்னு குனிஞ்சு கேட்டேன். அண்ணாமலையார் பாட்டு மிஸ்ஸுன்னான், அவ்வளவுதான் சொன்னான்.

எனக்கு பளிச்சுனு புரிஞ்சிருச்சு. ஹெச்எம் முன்னாடி நின்னு "உண்ணாமுலை உமையாளொடும் உடனாகிய ஒருவன்"னு நான் முதல் வரிய சொல்ல, கதவோரம் நின்ன அவங்க அப்பா "பெண்ணாகிய பெருமான்மலை"ன்னு அடுத்த வரிய எடுத்துட்டாரு. (கைதட்டல்) ஆமாங்க, ஆயிரத்து சொச்சம் வருஷமா கோயில்ல பாடுற பாட்டு, அம்மன் பேரே அதுதான், அந்தப் பேர்ல கடைசி ரெண்டு எழுத்த மட்டும் மெஷின் பாத்திருக்கு. ஹெச்எம் நல்ல மனுஷன், எந்திரிச்சு வந்து பையன் தோள்ல கை வெச்சாரு. ஆனா தடைய எடுக்கணும்னா பாஸ்வேர்டு வேற ஊர்ல இருக்குற கான்ட்ராக்டர்கிட்ட இருக்கு. போன் போட்டுப் போட்டு பதினொரு நாள் ஆச்சு, போட்டி நாலாவது நாளே முடிஞ்சிருச்சு. பீரோவுல திருமுறை புத்தகம் இருந்துச்சு, அத வெச்சு சமாளிச்சோம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து அண்ணாமலையார் வீட்டையே கொளுத்தப் பாத்தோம், யோசிச்சுப் பாருங்க.

அந்த வார்த்தை லிஸ்ட்டுக்கு முன்னாடி, அதே எழுத்து வர்ற திருக்குறள்ல 402ஆவது குறள் நிக்குமா? காமத்துப்பால் 25 அதிகாரம், 250 குறள், அது நிக்குமா? பன்னிரண்டாவது உயிரியல் புத்தகத்துல மனித இனப்பெருக்கம் பாடமே இருக்கு, அரசாங்கமே அச்சடிச்ச பாடம், அதுக்குப் படம் தேடுனா புள்ளைக்கு கெட்ட பேரா?

அமெரிக்காவுல 2000த்துல ஒரு சட்டம் போட்டாங்க. இன்டர்நெட்டுக்கு அரசாங்க சலுகை வாங்குற பள்ளிக்கூடமும் நூலகமும் ஃபில்டர் வெச்சே ஆகணும்னு. நூலகர்களே அத எதிர்த்து கோர்ட்டுக்குப் போனாங்க, 2003ல சுப்ரீம் கோர்ட்டு ஆறுக்கு மூணுன்னு சட்டம் செல்லும்னு சொல்லிருச்சு. ஆனா அதுல நீதிபதி கென்னடி எழுதுனதப் பாருங்க, பெரியவங்க கேட்டா நூலகர் தாமதம் இல்லாம தடைய எடுத்துக் குடுப்பாருன்னா இந்த வழக்குல பெருசா ஒண்ணும் இல்லன்னு எழுதுறாரு. அதாவது அங்க ஒரு நூலகர் உக்காந்திருக்காருங்கறத நம்பித்தான் அந்த வாதமே நிக்குது. பள்ளிக்கூட நூலகர்களும் சும்மா இருக்கல, 2011ல இருந்து தடை செஞ்ச இணையதளங்களுக்குன்னே ஒரு விழிப்புணர்வு நாள் நடத்த ஆரம்பிச்சாங்க.

இங்க யாரு உக்காந்திருக்கா? ஐயா, தயவுசெஞ்சு இத கேளுங்க. 1952ல அமைச்ச இடைநிலைக் கல்விக் குழு, நம்ம லட்சுமணசாமி முதலியார் தலைமையில, அடுத்த வருஷமே அறிக்கை குடுத்தாங்க. பள்ளிக்கூடத்துல பயிற்சி பெற்ற நூலகர் வேணும்னு அதுல இருக்கு. எழுபது வருஷம் தாண்டிருச்சு. இன்னைக்கும் எத்தனையோ பள்ளியில தமிழ் ஐயாவோ பி.டி. சாரோதான் நூலகப் பொறுப்பையும் சேத்துப் பாக்குறாங்க, பாவம் அவங்களுக்கு பாடம் எடுக்கவே நேரம் பத்தல, சாவி ஒரு பக்கம் பீரோ ஒரு பக்கம்.

நூலகர் இருந்தா என்ன செய்வாங்க? ஒரு நோட்டு போடுவாங்க, தேதி, எந்தப் பக்கம் மூடியிருந்துச்சு, எதுக்காக கேட்டாங்க, திறந்தமா இல்லையா, ஏன். தானே அந்தப் பக்கத்தப் படிச்சுப் பாத்து பத்து நிமிஷத்துல முடிவு சொல்லுவாங்க. ஆறாவதுக்கு ஒரு மாதிரி, பிளஸ் டூவுக்கு ஒரு மாதிரி வைக்கச் சொல்லுவாங்க. புள்ள தேடுன லிஸ்ட்ட பிரேயர்ல படிக்க விட மாட்டாங்க. மூட்டைப்பூச்சிய விரல்ல நசுக்குற வேலை அது, பக்கத்துல ஆள் இருந்தாத்தான் முடியும்.

தலைவர் அண்ணன் சீட்டு அனுப்பிட்டாரு, அடுத்து பரிசளிப்பு இருக்கு. செல்போன் விஷயத்துக்கு நேரம் இல்ல, பெத்தவங்க சாயங்காலம் கிளை நூலகத்துக்கு வாங்க, பேசுவோம்.

ரெண்டே கோரிக்கை. ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளிக்கும் ஒரு முழு நேர நூலகர் பணியிடம். அதுவரைக்கும் ஃபில்டரோட பாஸ்வேர்டு கான்ட்ராக்டர்கிட்ட மட்டும் இல்லாம அந்தந்தப் பள்ளியில நூலகப் பொறுப்பு பாக்குறவங்க கையிலயும் இருக்கணும். மனு வாசல் பக்கம் பச்சைத் துணி போட்ட மேசையில இருக்கு. பேரு, ஊரு, உங்க புள்ள படிக்கிற பள்ளி, அங்க நூலகர் இருக்காங்களா இல்லையான்னு ஒரு கட்டம் இருக்கும், அத மட்டும் விட்டுறாதீங்க. முதன்மைக் கல்வி அலுவலர் ஐயா நாலரைக்கு கிளம்புறாங்க, அதுக்குள்ள அவங்க கையில குடுக்கணும். நன்றி, வணக்கம்.