சூன் பாண் வண்டியும் ‘மறை’ என்ற சொல்லும்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்வி டிப்ளோமா செய்கிற ஆசிரியர்கள், தாதியர் பயிற்சியில் இருப்பவர்கள், ஆலோசனை வழிகாட்டல் நெறியில் சேர்ந்தவர்கள் என்று உளவியலைப் புதிதாகப் படிக்கிற யாருக்கும் முதல் மாதத்திலேயே ஒரு சொற்கூட்டம் வந்து வழிமறிக்கும். தூண்டி, துலங்கல், நிபந்தனைப்பாடு, மீளவலியுறுத்தல். பாடமாக்குவது பெரிய வேலை இல்லை. ஆனால் இவற்றில் பாதி நாம் வீட்டில் பேசுகிற சொற்களின் சாயலில் இருப்பதால், விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டே பிழையாக விளங்கிக்கொள்கிறோம். இன்றைக்குக் கற்றல் என்ற அத்தியாயத்தின் சொற்களை மட்டும் எடுக்கிறேன். நேரம் மிஞ்சினால் ஞாபகத்துக்கும் வரலாம்.

கற்றல் என்றால் அனுபவத்தினால் நடத்தையில் ஏற்படுகிற, ஓரளவு நிலைத்து நிற்கிற மாற்றம். காய்ச்சலில் சோர்ந்து நடப்பது கற்றல் அல்ல, காய்ச்சல் விட்டதும் அது போய்விடும். பிள்ளை வளர்ந்து அலுமாரியின் மேல்தட்டு எட்டுவதும் அல்ல, அது வளர்ச்சி. பள்ளிக்கூடத்துக்கும் இதற்கும் கட்டாயத் தொடர்பு கிடையாது. பயப்படவும் கற்கிறோம், அடம்பிடிக்கவும் கற்கிறோம்.

சரி, ஒழுங்கைக்கு வாருங்கள். பின்னேரம் நாலரை மணி, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஏதாவதொரு ஒழுங்கை. தூரத்தில் அந்த மெட்டுக் கேட்கிறது. உங்களுக்குத் தெரியும், நான் பாடிக் காட்டத் தேவையில்லை. பீத்தோவன் 1810 அளவில் பியானோவுக்கு எழுதியது, எலீஸ் என்ற பெண்ணின் பெயர் தாங்கியது, அவர் இறந்து 40 வருஷம் கழித்து 1867இல் அச்சுக்கு வந்தது. கொழும்பில் அதற்கு ஒரே பொருள்தான்: சூன் பாண் வந்துவிட்டது. முச்சக்கரவண்டியின் பின்னால் கண்ணாடிப் பெட்டி, உள்ளே ரோஸ் பாண், மாலு பணிஸ், சீனி ஒட்டிய கிம்புலா பணிஸ். கண்ணாடியில் இன்னும் ஆவி படிந்திருக்கும்.

இப்போது அந்த மெட்டையும் பணிஸையும் பிரித்துப் பார்ப்போம். பணிஸ் வாய்க்குள் போனதும் எச்சில் ஊறுகிறது. இதை யாரும் படிப்பிக்கவில்லை. தூண்டி என்றால் நம்மைத் தூண்டுவது, துலங்கல் என்றால் அதற்கு நம்மிடமிருந்து வருகிற பதில், நிபந்தனையற்ற என்றால் கற்காமலே வருவது. ஆகவே வாயில் பட்ட பணிஸ் நிபந்தனையற்ற தூண்டி, எச்சில் நிபந்தனையற்ற துலங்கல். மெட்டு? ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு அது வெறும் சத்தம், நடுநிலைத் தூண்டி. மெட்டு, பிறகு பணிஸ், மெட்டு, பிறகு பணிஸ் என்று பல நாள் சேர்ந்து வந்தபின் மெட்டுக்கே வாய் ஊறுகிறது. அன்றிலிருந்து மெட்டு நிபந்தனைத் தூண்டி, அதற்கு ஊறுகிற எச்சில் நிபந்தனைத் துலங்கல். இப்படிக் கற்பதுதான் நிபந்தனைப்பாடு. எச்சில் இரண்டு இடத்திலும் எச்சில்தான். எதற்காக ஊறியது என்பதை வைத்தே பெயர் மாறுகிறது. விடைத்தாள்களில் முதலாவது சறுக்கல் இந்த இடத்தில்.

இரண்டாவது சறுக்கல் ஒழுங்குமுறை. மெட்டு முன்னால் வரவேண்டும், உணவு பின்னால். பணிஸைத் தின்று முடித்தபின் மெட்டுப் போட்டால் கற்றல் மிகப் பலவீனமாகத்தான் நடக்கும், ஏனென்றால் அந்த மெட்டு வரப்போகிற எதையும் அறிவிக்கவில்லை. இடைவெளியும் குறுகியதாக இருப்பது நல்லது. ஆய்வுகூடங்களில் அநேகமாக அரைச் செக்கனிலிருந்து சில செக்கன்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு: ருசியும் வயிற்றுப்பிரட்டலும். இரவு கொத்து ரொட்டி சாப்பிட்டு, சில மணித்தியாலம் கழித்து வேறு ஏதோ கிருமியால் வாந்தி எடுத்தாலும், அடுத்த தடவை கொத்து வாசம் வந்தாலே குமட்டும். ஒரே ஒரு தடவை போதும். அமெரிக்க உளவியலாளர் ஜோன் கார்சியா எலிகளில் இதைக் காட்டியபோது பலர் நம்ப மறுத்தார்கள்.

மூன்றாவது, மறைதல் என்கிற சொல். வண்டி ஒரு மாதம் வராவிட்டால் துலங்கல் மறைந்துவிடும் என்று எழுதுகிறார்கள். அது பிழை. வண்டி வராவிட்டால் மெட்டும் இல்லை, பரிசோதனையே நடக்கவில்லை. மறைதல் நடக்க, மெட்டு வரவேண்டும், பணிஸ் வரக்கூடாது. பெட்டி காலியான வண்டி தினமும் மெட்டுப் போட்டபடி நிற்காமல் போனால், வாய் ஊறுவது நாளுக்கு நாள் குறையும். முற்றாக நின்ற பிறகு சில நாள் இடைவெளி விட்டு மறுபடி மெட்டுக் கேட்டால், கொஞ்சம் ஊறும். இதற்குத் தன்னிச்சை மீட்சி என்று பெயர். பழைய கற்றல் அழிந்துபோகவில்லை, அதன்மேல் ஒரு புதுக் கற்றல் படிந்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

நாலாவது, எனக்கு மிகப் பிடித்த கேள்வி: மெட்டுக் கேட்டதும் ஆச்சி சில்லறையை எடுத்துக்கொண்டு படலைக்கு ஓடுகிறாரே, அது நிபந்தனைத் துலங்கலா? இந்த வகைக் கற்றலை நாய்களின் எச்சிலை வைத்து ஆராய்ந்த ரஷ்யரான பவ்லோவின் கணக்கில் இல்லை. எச்சில் தானாக வருகிறது, ஓடுவது ஆச்சியின் செயல். ஓடினால் பாண் கிடைக்கும் என்பதால் ஓடுகிறார். அது வேறு கதவு. கொஞ்சத்தில் திறப்போம்.

அதற்கு முன் பவ்லோவ் பற்றி ஒன்று. அவர் உளவியலாளரே அல்ல, உடற்றொழிலியலாளர். 1904இல் நோபல் பரிசு கிடைத்தது சமிபாட்டு ஆய்வுக்கு. எல்லோரும் மணி, மணி என்கிறார்கள். தாளம் தட்டுகிற மெட்ரோனோம் கருவியின் டக் டக் சத்தம், மின் பஸர், வெளிச்சம் எல்லாவற்றையும்தான் பாவித்தார். மணியைவிட எனக்கு மறக்கமுடியாதது வெள்ளம். 1924 செப்டெம்பரில் லெனின்கிராட்டில் நேவா ஆறு பெருகி, நாய்கள் இருந்த கட்டடத்துக்குள் தண்ணீர் ஏறியது. கூண்டுக் கதவுகள் தாழ்வில் இருந்தன. ஆகவே காப்பாற்ற வந்தவர்கள், நாய்களின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கித்தான் வெளியே இழுக்க வேண்டியிருந்தது. நாய்கள் தப்பின. ஆனால் சில நாய்களில் மாதக்கணக்காக ஊன்றியிருந்த நிபந்தனைத் துலங்கல்கள் காணாமல் போயின. பொறுமையாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிறகு ஒருநாள் அறைக் கதவுக்குக் கீழால் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள். அவ்வளவுதான், பழைய குழப்பம் திரும்பிவிட்டது. எல்லா நாய்க்கும் அப்படி ஆகவில்லை என்பதையும் பவ்லோவ் கவனமாகக் குறித்துவைத்தார்.

2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியவர்களிடம், இரவில் தகரத்தில் மழை விழுகிற சத்தம் என்ன செய்கிறது என்று கேட்டுப் பார்த்தால், கதவுக்குக் கீழால் வந்த அந்தத் தண்ணீர் விளங்கும். மழைச் சத்தம் நிபந்தனைத் தூண்டியாகிவிட்டது.

பயத்தை எப்படி எடுப்பது? அதே 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் அமெரிக்காவில் பீட்டர் என்ற சின்னப் பையனுக்கு முயலின்மேல் இருந்த பயத்தைக் குறைத்ததை வெளியிட்டார். பையன் விரும்பின உணவைச் சாப்பிடும்போது, கூண்டில் இருந்த முயலைத் தூரத்தில் வைத்தார்கள். பயமில்லை என்று கண்டபின் கொஞ்சம் கிட்ட. பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் பையன் முயலைத் தடவினான். கெடுகிற இடம் எது தெரியுமா? அவசரம். ஒரேயடியாக முயலை மடியில் வைத்தால், முயல்மேல் விருப்பம் வருவதற்குப் பதிலாகச் சாப்பாட்டின்மேல் பயம் வந்துவிடும். நீச்சல் பழக்குகிறேன் என்று பயந்த பிள்ளையைத் தண்ணீரில் தள்ளுகிற மாமாமார் தயவுசெய்து கேட்டுக்கொள்ளவும்.

இனி ஆச்சி ஓடின கதவு. செயலின் விளைவு, அந்தச் செயல் திரும்ப வருமா என்பதைத் தீர்மானிக்கிறது. அமெரிக்க உளவியலாளர் தோண்டைக் இதைப் பெட்டிக்குள் அடைத்த பூனைகளில் கண்டு 1898இல் எழுதினார், பின்னால் வந்த இன்னொரு அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் விரித்தெடுத்தார். செயலுக்குப் பின் வந்த ஒன்று அந்தச் செயலைக் கூட்டினால், அது மீளவலியுறுத்தல். தமிழ்நாட்டு நூல்களில் வலுவூட்டல் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

இங்கேதான் அந்தப் பொல்லாத சொல்: மறை மீளவலியுறுத்தல். சிலர் எதிர் என்பார்கள். முன்பு சொன்ன மறைதலுக்கும் இந்த மறைக்கும் தொடர்பு இல்லை. பத்துப் பேரிடம் கேட்டால் எட்டுப் பேர் தண்டனை என்று சொல்வார்கள் என்று பந்தயம் கட்டலாம். தண்டனை அல்ல. திரும்பச் சொல்கிறேன், தண்டனை அல்ல. பள்ளிக்கூடக் கணக்கை நினையுங்கள்: சக, சய. நேர் என்றால் ஒன்று வந்து சேர்ந்தது, சக. மறை என்றால் ஒன்று கழிந்து போனது, சய. நல்லது கெட்டது என்ற பேச்சே அதற்குள் இல்லை. மீளவலியுறுத்தல் என்றாலே நடத்தை கூடுகிறது. ஆகவே மறை மீளவலியுறுத்தல் என்றால், தொல்லை ஒன்று கழிந்ததால் நடத்தை கூடுகிறது. நுளம்புச் சுருளைக் கொளுத்தினீர்கள், நுளம்பு போனது, நாளைக்கும் கொளுத்துவீர்கள். காரில் பட்டி போட்டதும் அந்தப் பீப் பீப் நின்றது, அடுத்த முறை ஏறினவுடனே போடுவீர்கள். தலையிடிக்குப் பனடோல், அதுவும் அப்படித்தான்.

புத்தகங்களில் நாலு கட்டம் போட்டுக் காட்டுவார்கள். வானொலியில் கட்டம் போட முடியாது, தேவையும் இல்லை. இரண்டு கேள்வி போதும். செயலுக்குப் பிறகு ஒன்று வந்ததா, போனதா? வந்தால் நேர், போனால் மறை. அந்தச் செயல் பிறகு கூடினதா, குறைந்ததா? கூடினால் மீளவலியுறுத்தல், குறைந்தால் தண்டனை. சண்டை பிடித்ததற்காகப் பிள்ளையின் போனைப் பறித்து, சண்டை குறைந்தால் அது மறைத் தண்டனை. வகுப்பில் கதைக்கிற பையனை ஆசிரியர் ஏசுகிறார், எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், அவன் இன்னும் கூடக் கதைக்கிறான் என்றால், ஏச்சு அங்கே தண்டனை இல்லை. கவனம் கிடைத்திருக்கிறது, அது நேர் மீளவலியுறுத்தல். கொடுத்தவரின் எண்ணத்தைப் பார்த்துப் பெயர் வைக்கக்கூடாது, நடத்தை எந்தப் பக்கம் போனது என்று பார்த்து வைக்கவேண்டும்.

இப்போது ஒரு பலசரக்குக் கடை. காசு கொடுக்கிற மேசைக்குப் பக்கத்தில், பிள்ளையின் கண்மட்டத்தில், டொபி போத்தல். பின்னால் நாலு பேர் வரிசையில். பிள்ளை கேட்கிறது, அம்மா வேண்டாம் என்கிறார். பிள்ளை கத்துகிறது. வரிசையில் ஒருவர் நாக்கைச் சப்புக்கொட்டுகிறார். அம்மா ஒரு டொபியை எடுத்து, “சரி, இந்தா, வாயை மூடு.” அமைதி. ஒரே நிமிஷத்தில் இரண்டு பேர் கற்றுவிட்டார்கள். கத்தினதற்கு டொபி வந்தது, பிள்ளைக்கு நேர் மீளவலியுறுத்தல். கொடுத்ததற்குக் கத்தல் போனது, அம்மாவுக்கு மறை மீளவலியுறுத்தல். அடுத்த சனிக்கிழமை பிள்ளை முந்திக் கத்தும், அம்மா முந்திக் கொடுப்பார்.

இதை நிறுத்த, கடைக்குள் போகுமுன் வாசலிலேயே சொல்லவேண்டும்: இன்றைக்கு டொபி இல்லை. உள்ளே பேரம் பேசக்கூடாது, விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவும் கூடாது, அதுவும் கவனம்தான். பிள்ளை அமைதியானதும், வீடு போகும்வரை காத்திராமல், அந்த இடத்திலேயே பேச்சுக் கொடுக்கவேண்டும். எதிர்பார்க்க வேண்டிய ஒன்று: முதலில் கத்தல் குறையாது, கூடும். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காதபோது செயல் ஒருமுறை வெடித்துப் பெருகும். பெரும்பாலானோர் அந்த உச்சத்தில்தான் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்தால், இன்னும் உரத்துக் கத்தப் பழக்கினதுதான் மிச்சம். தாங்கமாட்டீர்கள் என்று தெரிந்தால் முதல் விநாடியிலேயே கொடுத்துவிடுங்கள், சேதம் குறைவு. அம்மம்மா ஐந்து தடவைக்கு ஒரு தடவை இரகசியமாகக் கொடுத்தாலும் கதை முடிந்தது. எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இடைக்கிடை கிடைப்பதுதான் மறைவதற்கு மிக நீண்டகாலம் எடுக்கும். லொத்தர்ச் சீட்டை இத்தனை வருஷமாக வாங்குகிறவர்களும் அந்தக் கணக்கில்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள். ஒரு நிமிஷம். ஞாபகத்துக்கென்று குறித்துவந்த மூன்று பக்கமும் பைக்குள்ளேயே இருக்கட்டும், ஒன்றைமட்டும் சொல்கிறேன். 1885இல் ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ், பொருளில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, தன்னையே சோதித்து வெளியிட்ட மறதி வளையி, அதாவது நாள் போகப்போக மறதி எப்படிப் போகிறது என்று காட்டுகிற கோடு. ஒரு நாளில் மூன்றில் இரண்டு மறந்துபோகும் என்று அதைச் சொல்லித்திரிகிறோம். அவர் அளந்தது எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்பதை அல்ல. அதே பட்டியலைத் திரும்பப் பாடமாக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதை. ஒரு நாளுக்குப் பிறகு ஏறத்தாழ 34 வீதம் மிச்சமானது. ஒரு மாதம் கழித்தும் 21 வீதம் மிச்சமானது. ஆகவே, எல்லாம் மறந்துவிட்டது என்று பரீட்சைக்கு முதல் கிழமை கொப்பியை மூடிவைத்திருப்பவர்கள் அதைத் திறக்கலாம், முதல் தடவை எடுத்த நேரம் இம்முறை எடுக்காது.

சிவப்பு விளக்கு அணையப்போகிறது. வணக்கம்.