ரன்ஃபிளாட் டயர் பஞ்சர்: ஓட்டைய விடுங்க, உள்பக்கத்தைப் பாருங்க

வணக்கம் மக்களே. இந்த வாரம் பிரேக் பேட் ரெண்டாவது பகுதி போடுறதா சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம் வந்துடும். இன்னைக்கு இதப் பேசாம இருக்க முடியல. ஒரே ரீல ஆளாளுக்கு எனக்கு அனுப்பிட்டே இருக்கீங்க. பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், பின்னாடி வீல்ல ஆணி. வீலைக் கழட்டக்கூட இல்ல. ஆணியப் பிடுங்கி, குத்தூசிய உள்ள விட்டு நாலு ஆட்டு ஆட்டி, ரப்பர் ஸ்ட்ரிப்பச் சொருகி, வெளிய நீட்டிட்டு இருக்கறத பிளேடால அறுத்துட்டு, "ரன்ஃபிளாட்டும் சாதா டயர்தான், 150 ரூபாய்ல முடிஞ்சுது"ன்னு சொல்றாங்க. இல்லங்க. சாதா டயர் இல்ல, காத்து போனாலும் கொஞ்ச தூரம் ஓடற டயர். அந்த 150 ரூபாய் வேலைய நம்பி பைபாஸ்ல 120ல போறது எனக்குப் பயமா இருக்கு.

முதல்லயே பதிலைச் சொல்லிடறேன். ரன்ஃபிளாட்டுக்குப் பஞ்சர் போடலாமா? சில சமயம் போடலாம். எப்போன்னா, அந்த டயர் காத்து இல்லாம ஓடவே இல்லன்னு உறுதியாத் தெரிஞ்சா. ஆணி எவ்வளவு பெருசுங்கறது அப்புறம்தான். எல்லாரும் ஓட்டையவே குனிஞ்சு பாக்கறாங்க. பாக்க வேண்டியது உள்பக்கம்.

ஏன்னு சொல்றேன். சாதா டயர்ல வண்டியோட எடையத் தூக்கறது காத்து. காத்து போனா சைடுவால், அதாவது டயரோட பக்கச் சுவர், மடிஞ்சு, ரிம் தரையில உட்காரும். ரன்ஃபிளாட்ல சைடுவாலுக்கு உள்ள தடியா ஒரு ரப்பர் வச்சிருப்பாங்க. காத்து சுத்தமாப் போனாலும் அந்த ரப்பர் வண்டியத் தூக்கி நிறுத்தும். பொதுவான கணக்கு, 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாம 80 கிலோமீட்டர் தூரம். ஆனா அந்தத் தூரம் முழுக்க, சக்கரம் சுத்தற ஒவ்வொரு சுத்துக்கும் சைடுவால் மடங்கி மடங்கி நிமிருது. மடங்க மடங்கச் சூடாகுது. சூட்டுல ரப்பரோட பலம் போகுது, ரப்பருக்கும் உள்ள இருக்கற நூலடுக்குக்கும் நடுவுல இருக்கற பிடிப்பு விட ஆரம்பிக்குது. வெளிய ஒரு கீறல்கூட தெரியாது. அப்படிப்பட்ட டயருக்கு ஓட்டைய அடைச்சு 34 பிஎஸ்ஐ காத்தடிச்சா கும்முன்னு புதுசு மாதிரி நிக்கும். பஞ்சர் போட்ட இடம் கடைசி வரைக்கும் கெட்டியா இருக்கலாம், சைடுவால் கிழியும்.

இதுல இன்னொரு வம்பு. காத்து போனா சாதா டயர் சப்பையாத் தெரியும், வண்டி இழுக்கும். ரன்ஃபிளாட் அப்படித் தெரியாது. 10 பிஎஸ்ஐ இருந்தாலும் பார்வைக்கு 30 மாதிரியே நிக்கும். அதனாலதான் டிபிஎம்எஸ் (டயர்ல காத்து குறைஞ்சா லைட் போட்டு எச்சரிக்கற சிஸ்டம்) இல்லாத வண்டியில ரன்ஃபிளாட் போடவே கூடாது. டிபிஎம்எஸ் வீடியோவுல சொன்னதுதான், அந்த மஞ்ச லைட் எரிஞ்சா "சென்சார் கோளாறா இருக்கும்"னு விட்டுட்டு ஓட்டாதீங்க. லைட் வந்ததும் ஓரங்கட்டி, எவ்வளவு காத்து இருக்கு, கிலோமீட்டர் மீட்டர்ல என்ன நம்பர்னு போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. கடையில "லைட் எரிஞ்ச பிறகு எவ்வளவு ஓட்டினீங்க"ன்னு கேட்டா பதில் கையில இருக்கும். கேக்காத கடையா இருந்தா அந்தக் கடையே வேணாம்.

சரி, உங்க வண்டியில இருக்கறது ரன்ஃபிளாட்தானான்னு எப்படித் தெரியும்? சைடுவால்ல எழுதியிருக்கும். பிரிட்ஜ்ஸ்டோன்னா ஆர்எஃப்டி, மிஷலின்னா இசட்பி, கான்டினென்டல்னா எஸ்எஸ்ஆர், குட்இயர்னா ஆர்ஓஎஃப். பிஎம்டபிள்யூ, மினி இதுல எல்லாம் பல வருஷமா நிறைய மாடல் இதோடதான் வருது, டிக்கியத் தூக்கினா ஸ்டெப்னி இருக்காது. இங்க சென்னை பக்கத்துல மகிந்திரா வேர்ல்ட் சிட்டில 2007லேர்ந்து பிஎம்டபிள்யூ பிளான்ட் ஓடுது, ஜிஎஸ்டி ரோட்டுல இந்த வண்டிங்க சாதாரணமாக் கண்ணுல படுது. ஆனா ரன்ஃபிளாட்டை ஒழுங்காக் கழட்டி மாட்டத் தெரிஞ்ச கடைகள் அந்த அளவுக்கு இல்ல.

கழட்டறதுன்னு சொன்னேன் இல்ல, அதுதான் முதல் வேலை. டயர ரிம்மை விட்டுக் கழட்டாம ரன்ஃபிளாட்டுக்குப் பஞ்சர் கிடையவே கிடையாது. அந்த ரீல்ல தப்பு ஸ்ட்ரிப் போட்டது மட்டும் இல்ல, உள்ள பாக்காமப் போட்டது.

கழட்டினதும் டார்ச் அடிச்சு, உள்பக்க சைடுவாலை ஒரு முழுச் சுத்து பாருங்க. அப்புறம் அடுத்த பக்கம். சுருக்கம், மடிப்பு வட்டமா ஓடியிருந்தா டயர் முடிஞ்சுது. உள் லைனர் (உள்பக்கம் காத்தை வெளிய விடாத ரப்பர் படலம்) நீலம் பூத்திருந்தா சூடாயிருக்குன்னு அர்த்தம், முடிஞ்சுது. கையால தடவும்போது பொங்கின மாதிரி, மெத்துன்னு இருந்தா முடிஞ்சுது. வெளிப்பக்கம் தோள்பட்டை (தரையில படற பட்டையும் சைடுவாலும் சேர்ற இடம்) ஓரமா வட்டமாத் தேய்ஞ்ச கோடு இருந்தாலும் முடிஞ்சுதுதான்.

அப்புறம் கருப்புத் தூள். இதப் பத்தி நான் கொஞ்சம் அதிகமாவே பேசுவேன், பொறுத்துக்கோங்க. காத்து இல்லாம ஓடின டயருக்குள்ள ரப்பர் அரைஞ்சு தூளா விழுந்திருக்கும், மிளகுத் தூள் மாதிரி, சில சமயம் சின்னச் சின்ன உருண்டையா. டயர் காத்தில்லாம ஓடினதுக்கு அதவிடப் பெரிய சாட்சி கிடையாது. நிறைய கடையில என்ன பண்றாங்க? டயரைக் கழட்டின கையோட கம்ப்ரஸர் துப்பாக்கிய எடுத்து "புஸ்ஸ்"னு ஒரு ஊது. தூள் எல்லாம் போச்சு. அப்புறம் ஒரு ஈரத்துணி. அதுக்கப்புறம் உங்களக் கூப்பிட்டு "பாருங்க சார், உள்ள சுத்தமா இருக்கு"ம்பாங்க. ஏமாத்தணும்னு பண்றாங்கன்னு சொல்லல, சுத்தம் பண்ணிட்டு வேலை பாக்கறது அவங்களுக்குப் பழக்கம். ஆனா இந்த இடத்துல அது ரொம்பத் தப்பான பழக்கம். அதனால வண்டிய விட்டுட்டு டீ குடிக்கப் போகாதீங்க. மெஷின் பக்கத்துலயே நில்லுங்க. "அண்ணே, ஊதறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ பாத்துக்கறேன்"னு மரியாதையாச் சொல்லுங்க. டயரைக் கொஞ்சம் சாச்சு அடியில வெள்ளைத் தாள் பிடிங்க. கைப்பிடித் தூள் கொட்டினா, பஞ்சர் போடற பேச்சையே விட்டுடுங்க. டயர் 20,000 ரூபாயைத் தாண்டுதேன்னு வயிறு எரியும், எனக்கும் புரியுது. ஆனாலும் விட்டுடுங்க.

உள்ள சுத்தம்னு தெரிஞ்சா இப்போ ஓட்டைக்கு வருவோம். ஓட்டை 6 மில்லிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது. இடம், டிரெட்டோட (தரையில படற பட்டையோட) நடு முக்கால் பங்குக்குள்ள இருக்கணும். டிரெட் அகலம் 200 மில்லிமீட்டர்னு வச்சுக்கிட்டா ரெண்டு ஓரத்துலயும் 25, 25 விட்டுடணும். தோள்பட்டைல, சைடுவால்ல ஓட்டைன்னா எந்த டயரா இருந்தாலும் கிடையாது. பள்ளத்துல அடிச்சு சைடுவால்ல முட்டை மாதிரி வீங்கியிருந்தா, அதுக்கும் மருந்து இல்ல. டிரெட் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துடுச்சுன்னா பஞ்சர் போடறதே வீண். ஏற்கெனவே ஒரு தடவ பஞ்சர் போட்ட ரன்ஃபிளாட்னா நான் ரெண்டாவது தடவ போடச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்னு, டயர் வயசு. சைடுவால்ல டிஓடின்னு ஆரம்பிக்கற வரிசையில கடைசி நாலு நம்பர் பாருங்க. 2319னு இருந்தா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. ரப்பர் இறுகிப் போன பழைய டயருக்கு இவ்வளவு வேலை பாக்கறது நஷ்டம்.

இப்போ வேலை. மஷ்ரூம் பேட்ச், காளான் மாதிரி இருக்கற ரப்பர் அடைப்பு. தண்டு ஓட்டைய நிரப்பும், குடை உள்பக்கம் ஒட்டும். தண்டு மட்டும்னா காத்து நிக்கும், ஆனா உள் லைனர் அடையாது. வெறும் பேட்ச் மட்டும்னா வெளியேர்ந்து தண்ணி ஓட்டை வழியா இறங்கி டிரெட்டுக்கு அடியில இருக்கற எஃகு கம்பி பெல்ட்டைத் துருப்பிடிக்க வைக்கும். ரெண்டும் சேர்ந்து வேணும். ஆணி எந்தக் கோணத்துல போயிருக்குன்னு முதல்ல கம்பி விட்டுப் பாக்கணும். நேரா இல்லாம 25 டிகிரிக்கு மேல சாஞ்சிருந்தா ஒரே துண்டா வர்ற மஷ்ரூம் சரியா உட்காராது, தண்டு தனி, பேட்ச் தனின்னு போடணும்.

கார்பைடு கட்டரை மெதுவான டிரில்ல மாட்டி, ஆணி போன அதே கோணத்துல உள்ளேர்ந்து வெளிய விடணும், அப்புறம் வெளியேர்ந்து உள்ள. கிழிஞ்ச பெல்ட் கம்பி முனைகள் நறுக்கப்படணும், இல்லன்னா அது தண்டை அறுத்துக்கிட்டே இருக்கும். அப்புறம் பேட்ச் அளவை விடக் கொஞ்சம் பெருசாச் சுத்தி வரைஞ்சு, கிளீனர் போட்டுச் சுரண்டி, பஃப் பண்ணணும், அதாவது ரப்பரைத் தேய்ச்சுச் சொரசொரப்பாக்கணும்.

பஃப்! இங்கதான் கெடுக்கறாங்க. பஃபர் 5,000 ஆர்பிஎம்முக்குக் கீழ ஓடணும். கடையில இருக்கறது என்ன? 20,000ல ஓடற காத்து கிரைண்டர். அது ரப்பரைச் சொரசொரப்பாக்காது, கருக்கிடும். கருகின ரப்பர்ல எந்த சிமென்ட்டும் (பேட்ச் ஒட்டற ரப்பர் பசை) ஒட்டாது. வாசனையே காட்டிக் கொடுக்கும், கருகின நாத்தம் வந்தா கையக் காட்டி நிறுத்துங்க. பஃப் பண்ணின இடம் பாக்கறதுக்கு மங்கலா, வெல்வெட் துணி மாதிரி இருக்கணும், பளபளன்னு இருந்தாத் தப்பு. ரொம்ப ஆழமாவும் போகக் கூடாது, உள்ள நூல் தெரிஞ்சா அந்த டயர் அங்கயே போச்சு.

அப்புறம் தூளை வாக்யூம்ல உறிஞ்சணும். இந்தத் தூள் பஃப் தூள், அத எடுத்தே ஆகணும். கம்ப்ரஸர் காத்துல ஊதினா அதுல இருக்கற தண்ணியும் எண்ணெயும் வந்து உட்காரும். வல்கனைசிங் சிமென்ட் ஓட்டையிலயும் தடவி, பஃப் பண்ணின இடத்துலயும் மெல்லிசாத் தடவி காய விடணும். 3லேர்ந்து 5 நிமிஷம். சென்னை மாதிரி கசகசன்னு இருக்கற ஊர்ல, மழை நாள்ல, இன்னும் நேரம் விடுங்க. புறங்கையால தொட்டா பிசுபிசுன்னு இருக்கணும், ஒட்டிக்கிட்டு வரக்கூடாது. வாயால ஊதாதீங்க, மூச்சுல ஈரம் இருக்கு. தண்டை உள்ளேர்ந்து இழுத்து, குடை லேசாக் குழி விழற வரைக்கும் இழுத்தாப் போதும். ரோலரை நடுவுலேர்ந்து ஓரத்துக்கு, அழுத்தி அழுத்தி ஓட்டணும், அடியில காத்துக் குமிழி நிக்கக் கூடாது. ஓரமாத் தெரியற பஃப் பண்ணின இடத்துக்கு சீலர். வெளிய தண்டை இழுத்துப் பிடிக்காம டிரெட்டுக்கு மேல 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டணும். இழுத்து வெட்டினா உள்ள சுருங்கிக்கும்.

அய்யோ, கழட்டறதுல முக்கியமான ஒன்ன விட்டுட்டேன். பின்னாடி போறேன். ரன்ஃபிளாட் சைடுவால் கல்லு மாதிரி இருக்கும், உதவிக் கை இருக்கற மெஷின்லதான் கழட்டணும், பீட் (ரிம்ல உட்கார்ற டயர் விளிம்பு) வழுக்க பீட் பேஸ்ட் தாராளமாப் போடணும். கடப்பாரை மாதிரி லீவர் போட்டு நெம்பினா பீடுக்குள்ள இருக்கற கம்பி வளையம் மடிஞ்சுடும், அப்புறம் பஞ்சர் போட்டு என்ன பிரயோஜனம்? வால்வோட சேர்ந்த டிபிஎம்எஸ் சென்சார்னா, பீட் உடைக்கற தகடு வால்வு பக்கம் வரவே கூடாது, எதிர்ப்பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். சென்சார் உடைஞ்சா பஞ்சர் கூலியப் போல பல மடங்கு செலவு. கழட்டறதுக்கு முன்னாடியே வால்வு நேரா டயர்ல கிரேயான்ல ஒரு கோடு போட்டுக்கோங்க, திரும்ப மாட்டும்போது அதே இடத்துல உட்காரும், ஓட்டையத் தேடவும் வசதி. மாட்டும்போது பீட் உட்கார 40 பிஎஸ்ஐக்கு மேல ஏத்தாதீங்க. உட்காரலன்னா காத்த இறக்கிட்டு பேஸ்ட் போட்டு மறுபடி. அப்புறம் சோப்புத் தண்ணி, வீல் பேலன்ஸிங், ஸ்கிரீன்ல டிபிஎம்எஸ் ரீசெட். முடிஞ்சுது.

கம்பெனிகள் என்ன சொல்றாங்கன்னு நிறைய பேர் கேப்பீங்க. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லல. சில கம்பெனி ரன்ஃபிளாட்டை ரிப்பேரே பண்ணாதீங்கன்னு சொல்றாங்க. சில பேர் நிபந்தனையோட விடறாங்க. சிலர் ரிப்பேர் ஆனா சைடுவால்ல போட்டிருக்கற வேகக் குறி செல்லாதுங்கறாங்க. உங்க டயர் பிராண்டோட கையேட்டைப் பாருங்க, அது "கூடாது"ன்னா கூடாதுதான். பஞ்சர் போட்ட டயரை நான் முன் வீல்ல வைக்கச் சொல்ல மாட்டேன், ஆனா நிறைய பிஎம்டபிள்யூல முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவு, மாத்த முடியாது. அப்படின்னா 100க்கு மேல போகாதீங்க, அவ்வளவுதான்.

ஸ்ட்ரிப்பே கூடாதான்னா, ராத்திரி நடுவழியில, காத்து முழுசா இறங்கறதுக்கு முன்னாடி, பக்கத்து ஊர் போய்ச் சேர ஸ்ட்ரிப் போட்டுக்கோங்க. அது முதலுதவி. 2020ல மத்திய அரசு விதி மாத்தி, டியூப்லெஸ் டயரும் டிபிஎம்எஸ்ஸும் ரிப்பேர் கிட்டும் இருந்தா ஸ்டெப்னி இல்லாமலே கார் விக்கலாம்னு ஆச்சு, அதனால கிட் எல்லாரும் வச்சிருப்பீங்க. ஆனா பாட்டில்ல வர்ற அந்த சீலன்ட் திரவத்தை ரன்ஃபிளாட்டுக்குள்ள ஊத்தாதீங்க. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. சென்சார்ல அப்பும், உள்ள எல்லாம் கொழகொழன்னு ஆகி பேட்ச் ஒட்டற இடத்தைக் கெடுக்கும், கடைக்காரர் உள்ள என்ன சேதம்னு பாக்கவும் முடியாது.

டயரை மாத்தியே ஆகணும்னா, ரன்ஃபிளாட்டுக்குப் பக்கத்துல சாதா டயர் ஒன்னு போட்டுச் சமாளிக்காதீங்க. ஒரே ஆக்ஸில்ல ரெண்டும் ஒரே வகை, ஒரே பேட்டர்ன். நாலையும் சாதா டயரா மாத்திடலாமான்னு கேக்கறவங்களுக்குத் தனி வீடியோ போடறேன், உங்க வண்டி மாடலும் டயர் சைஸும் கமென்ட்ல போடுங்க. கழட்டின டயரோட உள்பக்க போட்டோ இருந்தா அதையும் அனுப்புங்க, ஊதறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவா இருக்கட்டும்.